மடங்காத முழங்காலும் ஒன்பது மா நிலமும்

என் இடது முழங்கால் மடங்காது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பணியில் இருந்த காலத்தில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் காலை நீட்டியபடிதான் உட்கார்ந்தேன். கலெக்டருக்கு எதிரில் உட்கார்ந்தபோதும் அப்படித்தான். ‘இந்த ஆளுக்கு என்ன திமிர்’ என்று நினைத்தவர்கள் உண்டு. திமிர் இருந்தது உண்மைதான். ஆனால் அது கால் நன்றாக மடங்கிக்கொண்டிருந்த காலத்தில். கால் நீண்ட பிறகு கொஞ்சம் குறைந்தது.

வருவாய்த் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். அதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். அது தவறு என்று தெரிந்துகொள்ள நான் மூன்று மாதம் மல்லாந்து படுத்துக் கிடக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அவ்வளவு செலவாக வேண்டாம்.

ஆட்சி மாறியிருந்த சமயம். குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்களின் பெயரை அரசாங்கமே விசாரித்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்த மாத்திரத்தில் வெளியே போகச் சொல்ல முடியாது. ஏறாவிட்டால், அப்பன் காலத்திலிருந்து உழுத நிலமானாலும் நாளைக் காலையில் இறங்கினால் அத்துமீறல். தஞ்சாவூர் ஜில்லா முழுக்க இதே பேச்சு. ஒரு பக்கம் செங்கொடி, இன்னொரு பக்கம் வெளியூரிலிருந்து லாரியில் இறக்கிய அறுவடை ஆட்கள், நடுவே போலீஸ் வேன். நான் அப்போது ரெவின்யூ இன்ஸ்பெக்டர். கிராமம் கிராமமாகப் போய் விசாரித்து அறிக்கை எழுதுவது என் வேலை. அதைப் பார்த்து உத்தரவு போடுவது தாசில்தார்.

மற்ற இன்ஸ்பெக்டர்கள் ஒரு நாளைக்கு ஒரு கிராமம் முடிப்பார்கள். நான் இரண்டு முடிப்பேன். வெயில் தாழ்வதற்குள் மூன்றாவதையும் தொட்டுவிடுவேன். மாதக் கூட்டத்தில் தாசில்தார் என்னைக் காட்டி, “இவனைப் பாத்துக் கத்துக்குங்கய்யா” என்பார். எனக்குத் தலைகால் புரியாது.

என் வேகத்துக்குக் காரணம் ரொம்ப எளிமையானது. மிராசுதார் வீட்டுக் கூடத்தில் எனக்கு நாற்காலி போடுவார்கள். பக்கத்து நாற்காலியில் மிராசுதார். எதிரே, எந்த நிலத்தில் யார் பயிர் செய்கிறார் என்று குறித்து வைக்கும் அடங்கலோடு கர்ணம், அதாவது ஊர்க் கணக்கர். சாகுபடி செய்கிறவர்கள் வாசலில், வெயிலில் நிற்பார்கள். தலையாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து படிக்குக் கீழே நிற்பார்கள். மேலே ஏற மாட்டார்கள். ஏறச் சொல்கிறவர்களும் கிடையாது. யாரும் இழுத்துப் பேசுவதில்லை. அதனால் சீக்கிரம் முடிந்துவிடும்.

கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். அன்றைக்கு அங்கே கடைசியாக வந்தவர் பெயர் மாரிமுத்து. நாற்பது வயது இருக்கும். ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலத்தை யார் சாகுபடி செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

“இவரு நெலத்தைக் குத்தகைக்குப் பாக்குறியாப்பா?” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மிராசுதாரின் செருப்பைப் பார்த்தார். “ஐயா எப்படிச் சொல்றாங்களோ அப்படிங்க.”

மிராசுதார் சிரித்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. “நம்ம பண்ணையாளு சார். சொந்த சாகுபடிதான். இவன் கூடமாட நின்னு பாத்துக்குவான். கர்ணம் அடங்கல்லயும் அப்படித்தானே இருக்கு?” கர்ணம் தலையாட்டினார்.

“உரிமை ஏதும் கேக்குறியா, இல்லியா? சொல்லு.”

“இல்லீங்க.”

‘நேரில் விசாரித்ததில் உரிமை ஏதும் கோரவில்லை’ என்று எழுதி, அவருடைய கைரேகையை வாங்கி, என் கையெழுத்தைப் போட்டேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்தக் கூடத்தில் யாரும் யாரையும் மிரட்டவில்லை. சட்டத்துக்கு விரோதமாக ஒன்றும் நடக்கவில்லை. பிற்பாடு யோசித்தபோது எனக்குப் பயம் தந்தது அதுதான்.

அடுத்த கிராமத்துக்கு ரோடு வழியாகச் சுற்றிப் போனால் அரை மணி அதிகம். வாய்க்கால் கரையில் சைக்கிளை விட்டேன். ஒரு மதகின் பக்கத்தில், வாய்க்காலைக் கடக்கத் தென்னை மரம் ஒன்றை வெட்டிப் போட்டிருந்தார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டிய இடம். நான் இறங்கவில்லை. மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்கு முந்தைய நாட்கள் அவை. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. மதகின் கருங்கல் தளத்தில் விழுந்தேன். தொடை எலும்பு முறிந்தது, முட்டிச் சில்லு நொறுங்கியது. காலைப் பார்த்தபோது பாதம் தப்பான பக்கம் திரும்பியிருந்தது.

விசாரணை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள்தான் என் சத்தத்தைக் கேட்டு ஓடி வந்தார்கள். ஒருவர் போய்க் கயிற்றுக் கட்டில் கொண்டுவந்தார். நான்கு பேர் என்னை வரப்பில் சுமந்துகொண்டு ரோடு வரைக்கும் இரண்டு மைல் நடந்தார்கள். தலைமாட்டில் மாரிமுத்து. வழி முழுக்க நான் அவர்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். “ஆட்டாதீங்கடா, டேய், அறிவில்ல?” என்றெல்லாம் கத்தினேன். மாரிமுத்து ஒரு தடவை குனிந்து, “திட்டுங்க சார், பரவால்ல. திட்டிக்கிட்டே வந்தா வலி தெரியாது” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அந்தக் காலத்து வைத்தியம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கெண்டைக்காலுக்கு மேலே எலும்பில் கம்பியைக் குத்தி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடையைத் தொங்கவிடுவார்கள். எலும்பு கூடும் வரைக்கும் அப்படியே கிடக்க வேண்டும். எழுந்து உட்காரக் கூடாது. புரண்டு படுக்கக் கூடாது. சாப்பாடு, பல் தேய்ப்பது, மற்றது எல்லாமே அந்தக் கட்டிலில்தான். ஒரு நாளைக்கு மூன்று கிராமம் தொட்ட ஆள், முதுகு அரித்தால் சொறிவதற்கு இன்னொருவரைக் கூப்பிட வேண்டும்.

மூன்றாம் நாள் மாரிமுத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் என் பை. நான் விழுந்தபோது அதுவும் வாய்க்காலில் விழுந்திருக்கிறது. புழுதியைத் துடைத்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“ஒரு காயிதமும் போவலீங்க சார். எண்ணிப் பாத்துக்குங்க.”

எண்ணிப் பார்த்தேன். அவரை நிற்க வைத்துக்கொண்டே, ஒவ்வொரு காகிதமாக எண்ணினேன். உட்காரச் சொல்லத் தோன்றவில்லை. அந்தக் காகிதங்களில் ஒன்று அவருக்கு அந்த நிலத்தில் எந்த உரிமையும் இல்லை என்று சொல்லும் காகிதம். படிக்கத் தெரியாத மனிதர் அதையும் பத்திரமாகத் துடைத்து, பஸ் ஏறிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் ஆபீஸ் பியூன் வந்தபோது எல்லாவற்றையும் மொத்தமாக அவனிடம் கொடுத்தனுப்பினேன். படுத்துக் கிடந்தாலும் வேலை தடைப்படவில்லை பார் என்று அப்போதும் ஒரு பெருமை.

அதே வாரம் மிராசுதாரும் வந்தார். பழக்கூடையோடு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப அக்கறையாக விசாரித்தார். உட்கார நாற்காலி வேண்டுமே என்று வார்டு ஆளை விரட்டிக் கொண்டுவரச் செய்தவன் நான்தான்.

அந்த வார்டு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பொல்லாதவர் இல்லை. முப்பது கட்டிலுக்கு ஒருவர். கூப்பிட்டால் வர நேரமாகும், வந்தால் சலித்துக்கொள்வார். என் பாதத்தைத் தாங்கியிருந்த இரும்புச் சட்டம் குதிகாலில் உராய்ந்து எரிய ஆரம்பித்தது. இரண்டு தடவை சொன்னேன். “எலும்பு ஒடஞ்சா எரியாம குளுகுளுன்னா இருக்கும்? சும்மா கூப்பிடாதீங்க சார்” என்றார். அப்புறம் நான் கூப்பிட்டால் அவர் வரும் நேரம் இன்னும் தள்ளிப்போயிற்று. மலச்சட்டி வேண்டுமென்று அரை மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவனுக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும்.

பெரிய டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் சுற்றி வருவார். பின்னால் ஏழெட்டுப் பேர். கடைசியில் வார்டு ஆள். என் கட்டிலுக்கு வந்து நின்றார்.

“எப்படி இருக்கீங்க? வலி கிலி ஏதும் இருக்கா?”

நான் வார்டு ஆளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். “ஒன்னுமில்லீங்க டாக்டர்” என்றேன்.

“புகார் ஏதும் இல்லை” என்று டாக்டர் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள்.

பக்கத்துக் கட்டிலில் கூத்தாநல்லூர் பாய் ஒருவர். அவர் கடையில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு வந்தவர். கூட்டம் நகர்ந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். “என்ன சார், நேத்தெல்லாம் குதிகாலு குதிகாலுன்னு அனத்துனீங்க. டாக்டர் கேட்டா ஒன்னுமில்லேங்கிறீங்க?”

“இல்ல பாய்…”

“சும்மா இருங்க, நானும் அதேதான் சொன்னேன். டாக்டரு போயிருவாரு. சட்டி வைக்கிறது இவருதானே!” என்று இன்னும் சிரித்தார். சிரித்ததில் இடுப்பு வலித்து, “யா அல்லா” என்று நிறுத்தினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘புகார் ஏதும் இல்லை.’ அந்த வாசகம் எனக்கு ரொம்பப் பழக்கமானது. அதே தோரணையில், அதே இரண்டு நிமிடத்தில், நான் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். செருப்பைப் பார்த்துக்கொண்டு “இல்லீங்க” என்று சொன்ன ஒரு மனிதரின் முகம் அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. நல்ல வேளை, மல்லாந்து கிடந்ததால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் ஒரு நர்ஸ் தனியாக வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். பெயர் கேட்டுக்கொள்ளாதது இன்றைக்கும் உறுத்துகிறது. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

“தூக்கத்துல எத்தன தடவ முழிப்பு வருது?”

“மூணு, நாலு தடவ.”

“முழிச்சதும் மொதல்ல எதை நகத்தப் பாப்பீங்க?”

யோசித்தேன். “குதிகாலை.”

எழுந்து போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தார். தோல் கறுத்து, உள்ளே புண் வைத்திருந்தது. பஞ்சைச் சுருட்டி வளையம் செய்து அடியில் கொடுத்து, சட்டத்தைத் தள்ளி வைத்தார். “இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா எலும்பு வரைக்கும் போயிருக்கும் சார். காலையில ஏன் சொல்லல?” என்றவர், நான் பதில் சொல்வதற்குள் தானே சொல்லிவிட்டார். “சொல்ல மாட்டீங்க. பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னு பாத்துத்தான் எல்லாரும் பதில் சொல்வாங்க. அதான் நான் கேள்வியை மாத்திக் கேக்குறது.”

யாரையும் குற்றம் சொல்லாமல் போய்விட்டார். என் வேலையில் எனக்குக் கிடைத்த பயிற்சி அந்த ஐந்து நிமிடம்தான் என்று சொல்வேன்.

அன்றைக்கே தாசில்தாருக்குக் கடிதம் எழுதினேன், என் விசாரணை தவறு என்று ஒப்புக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான். எழுதவில்லை. எழுதினால் மெமோ வரும், பிரமோஷன் தள்ளிப்போகும், காலும் போய் வேலையும் கெட்டுவிடும் என்று கணக்குப் போட்டேன். வெட்கப்படுவது சுலபம். அதற்கு எழுந்து நிற்கக்கூட வேண்டாம்.

மூன்று மாதத்தில் எலும்பு கூடியது. கட்டை ஊன்றி வீட்டுக்கு வந்தேன். முழங்கால் மட்டும் இறுகிப்போயிருந்தது. மேஜை மேல் உட்கார்ந்து, கணுக்காலில் மணல் பையைக் கட்டி, காலையும் மாலையும் மடக்கிப் பழகச் சொல்லியிருந்தார்கள். எந்தத் தேதிக்குள் மடங்கும் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் தேதி குறித்துப் பழகியவன். அது மடங்குகிற வரைக்கும்தான் மடங்கும் என்று சொல்லிவிட்டார்கள். மாதக்கணக்கில் இழுத்ததில் ஒரு சாண் அசைந்தது, அதோடு நின்றது. புத்தூர்க் கட்டு, எண்ணெய், மந்திரித்த கயிறு என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. முக்கியமாக, நடக்கத் தெரிந்தவர்கள் மேல்.

ஒரு நாள் மனைவி பக்கத்து அறையில் இருந்தாள். தாகம். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாமல், ஒற்றைக் கட்டையோடு பானை வரைக்கும் போய்க் காட்டிவிடுவது என்று எழுந்தேன். பானையோடு சேர்ந்து விழுந்தேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டி வீங்கி இரண்டு வாரம் மறுபடி படுக்கை. தரையில் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: “ஒரு தம்ளர் தண்ணி கேக்குறதுக்கு உங்களுக்கு வாயி வரல. ஆனா ஊரெல்லாம் போயி நிக்க வச்சுக் கேள்வி கேப்பீங்க.”

அவளுக்கு மாரிமுத்துவைப் பற்றித் தெரியாது. அவள் பாட்டுக்குச் சொன்னாள். அன்றிலிருந்து நான் கேட்கப் பழகினேன். தண்ணீர் கொடு, கையைப் பிடி, செருப்பை மாட்டிவிடு. முதல் சில நாள் ஒவ்வொரு தடவையும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன். அப்புறம் சரியாகிவிட்டது. முழங்கால் மடங்காவிட்டாலும் வேறு ஏதோ கொஞ்சம் மடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் வேலைக்குத் திரும்பினேன். மேஜையில் இரண்டு காகிதங்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று, நான் கொடுத்த அறிக்கையின் மேல் போட்ட உத்தரவு: மாரிமுத்து உரிமை கோராததால் பதிவு செய்யத் தேவையில்லை. இன்னொன்று மிராசுதார் கொடுத்த மனு. தன் சொந்த சாகுபடி நிலத்தில் விளைந்திருக்கும் சம்பா நெல்லைப் பொங்கல் கழித்து வெளியூர் ஆட்களை வைத்து அறுக்கப் போவதாகவும், மாரிமுத்து என்பவர் தகராறு செய்யக்கூடும் என்பதால் போலீஸ் பந்தோபஸ்து வேண்டும் என்றும் கேட்டிருந்தார். ஆதாரமாக என் அறிக்கையின் நகல். என் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா?

அதாவது, என்னைச் சுமந்துவிட்டுத் திரும்பிப் போன மனிதர், தண்ணீர் வந்ததும் வழக்கம் போல் நாற்று விட்டு, நட்டு, களை எடுத்து, ஆறு மாதம் பாடுபட்டிருக்கிறார். அந்த நெல்லைத் தொட்டால் அவர் ஜெயிலுக்குப் போக வேண்டும்.

தாசில்தாரிடம் போனேன். என் விசாரணை குறைபாடானது, மறுவிசாரணைக்கு உத்தரவிட வேண்டும் என்று எழுதிய குறிப்பை நீட்டினேன். படித்துவிட்டு என் காலைப் பார்த்தார்.

“ஒன்னைச் சொமந்துக்கிட்டு வந்தவன்தானே இவன்? அதுக்காகவா?”

“இல்ல சார். சொமந்ததுக்கும் சாகுபடிக்கும் சம்பந்தம் இல்ல. அவரு குத்தகைதாரரான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. நான் விசாரிக்கல. அதைத்தான் எழுதியிருக்கேன்.”

“மெமோ வரும்யா.”

“தெரியும் சார்.”

பேனாவைத் திறந்தார். “கெடுத்தவன் நீ. நீயே போயி விசாரி” என்று கையெழுத்துப் போட்டார். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த கடுமையான தண்டனையும் பெரிய மரியாதையும் அதுதான்.

இரண்டு தரப்புக்கும் நோட்டீஸ் கொடுத்துப் போனேன். மிராசுதார் வாசலுக்கே வந்து வரவேற்றார். “கூடத்துல நாற்காலி போட்டிருக்கேன் சார். வாங்க.”

“படி ஏற முடியாதுங்க. காலு மடங்கல.”

“ஆளுங்க தூக்கி விடுவாங்க சார். அதுக்கென்ன?”

“வேண்டாங்க. வயல்லயே வச்சுக்குவோம்.”

பக்கவாட்டில் சிரமப்பட்டு ஏறியிருக்க முடியும். நான் சொன்னதில் பாதி பொய். ஆனால் அந்தக் கூடத்துக்குப் போனால் என்ன பதில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

வயலில் உட்கார வாகான இடம் ஒன்றுதான் இருந்தது. நான் விழுந்த அதே மதகின் கைப்பிடிச் சுவர். அதில் காலை நீட்டி உட்கார்ந்தேன். இப்போது வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒன்பது மாவும் கதிர் சாய்ந்து நின்றது. ஒரு பக்கம் செங்கொடிச் சங்கத்து ஆட்கள், இன்னொரு பக்கம் பண்ணை ஆட்கள். இரண்டு பக்கமும் சிலர் கையில் அரிவாள் இருந்தது. அறுவடை அரிவாள்தான், ஆனால் அதை அன்றைக்குக் கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லை. மிராசுதார் நின்றார், கர்ணம் நின்றார், மாரிமுத்துவும் நின்றார். எல்லாரும் ஒரே தரையில்.

சட்டப்படி இரண்டு பேரையும் எதிரெதிரே வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். ‘நீ குத்தகைதாரனா’ என்று கேட்டால் மறுபடியும் ‘இல்லீங்க’தான் வரும். நர்ஸ் உட்கார்ந்த ஸ்டூல் ஞாபகத்துக்கு வந்தது. மிராசுதாரிடம் ஆரம்பித்தேன்.

“இந்த வயலுக்குத் தண்ணி எப்படிங்க பாயுது?”

“இதோ, நீங்க ஒக்காந்திருக்கிற மதகுலேருந்துதான் சார்.”

“அது அடைச்சு வருசமாச்சுங்க” என்றார் மாரிமுத்து. சொன்ன பிறகுதான் தான் பேசிவிட்டது அவருக்கே தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அப்புறம் எப்படிப் பாயுது?” என்று நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“மதகுக் குழாய் வெடிச்சுப் போச்சுங்க, அதான் அடைச்சது. தெக்கால வயல்காரங்ககிட்ட தண்ணி வாங்கித்தாங்க விடுறேன். அவங்களுக்கு ஒரு நாளு, எனக்கு ஒரு நாளு.” பக்கத்து வயல்காரர் கூட்டத்தில் இருந்தார். ஆமாம் என்றார். எழுதிக்கொண்டேன்.

“என்ன நெல்லு போட்டிருக்கு?” மறுபடி மிராசுதாரிடம் கேட்டேன். ஒரு ரகத்தின் பெயரைச் சொன்னார், ஒன்பது மாவும் அதேதான் என்றார். மாரிமுத்துவைப் பார்த்தேன். அவர் கண் வடக்கு மூலைக்குப் போயிற்று.

“அந்த மூலையில என்ன?”

“அது பள்ளக்கட்டுங்க. தண்ணி நிக்கும். அதுல வேற நெல்லு. நண்டு வளை வேற. வைக்கோல வச்சு அடைச்சு அடைச்சுப் பாக்குறேன், நிக்க மாட்டேங்குது.”

கர்ணத்தை நடந்து போய்ப் பார்த்துவரச் சொன்னேன். வேறு நெல்தான் என்று அவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அதையும் எழுதினேன்.

மிராசுதாருக்கு விஷயம் எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். குரலை அப்போதும் உயர்த்தவில்லை. “இந்தச் சுத்துவளைப்பெல்லாம் எதுக்கு சார்? நானே கேக்குறேன். மாரி, இங்க பாருடா. நெலம் யாருது? சத்தியமாச் சொல்லு.”

நான் தடுத்திருக்கலாம். விசாரணை அதிகாரி நான், அவர் கேட்பது முறையில்லை. ஆனால் தடுத்தால் பதில் பாதியில் நின்றுவிடும், நான் சொல்லிக்கொடுத்த பதில் என்றும் ஆகிவிடும். பேனாவைப் பிடித்தபடி சும்மா இருந்தேன். ஒரு பதிலுக்காக அவ்வளவு நேரம் நான் காத்திருந்தது அதுவே முதல் தடவை.

மாரிமுத்து இந்தத் தடவை செருப்பைப் பார்க்கவில்லை. வயலைப் பார்த்தார்.

“நெலம் ஐயாவுதுங்க” என்றார். “பயிரு நான் வச்சதுங்க.”

இரண்டு வாக்கியத்தையும் அவர் சொன்னபடியே எழுதி, எல்லாருக்கும் கேட்கும்படி படித்துக் காட்டினேன். இரண்டும் உண்மை. சட்டம் கேட்டதும் அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான்.

காகிதங்களைப் பையில் வைத்துவிட்டு எழப் பார்த்தேன். முடியவில்லை. சுவர் தாழ்வானது. நீட்டிய காலோடு அவ்வளவு தாழ்ந்த இடத்திலிருந்து எழும் வித்தை எனக்கு இன்னும் கைவரவில்லை. இரண்டு தடவை முயன்று இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய ஆளாக இருந்தால் விழுந்தாலும் பரவாயில்லை என்று மூன்றாவது தடவையும் முயன்றிருப்பேன். பக்கத்தில் நின்றது மாரிமுத்து.

“கையைக் குடுங்க மாரிமுத்து” என்றேன்.

அவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு நீட்டினார். பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

பெயர் பதிவேட்டில் ஏறியது. பொங்கல் கழித்து மாரிமுத்து தன் ஆட்களோடு அறுத்தார். போலீஸ் வேன் வரவில்லை. எனக்கு மெமோ வந்தது. முதல் விசாரணையில் கவனக்குறைவாக இருந்ததற்காக ஒரு இன்கிரிமென்டை நிறுத்தினார்கள். நியாயமான தண்டனை, நான் எதிர்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரு கிராமத்துக்கு மேல் நான் தொட்டதில்லை. மாதக் கூட்டத்தில் என்னைக் காட்டி யாரும் கத்துக்கச் சொன்னதும் இல்லை.

மிராசுதார் மேல்முறையீடு செய்தார். தள்ளுபடியானது. ஆனால் அந்த மனுவில் என் மேல் ஒரு புகார் இருந்தது. விசாரணை அதிகாரி அத்தனை பேர் பார்க்க, எதிர்த்தரப்பு ஆளின் கையைப் பிடித்தார், ஆகவே அவர் நடுநிலையானவர் அல்ல என்று எழுதியிருந்தார். அதற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள். தாசில்தார் தாளை என் பக்கம் தள்ளி, “இதுக்கு என்னய்யா எழுதப் போறே?” என்றார்.

என் சர்வீஸில் நான் எழுதிய மிகச் சின்ன விளக்கம் அது. ‘கையைப் பிடித்தது உண்மை. என்னால் தனியாக எழுந்திருக்க முடியாது.’